சஃபாரி ரேலியின் கதை

ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில், பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மலைச்சாலைகளில் ஒரு நெடும்பயணம் தொடங்குகிறது. மொனாக்கோ என்னும் சிற்றரசை வாயிலாகக் கொண்டு தொடங்கும் அப்பயணம், அடுத்த திங்களில் ஸ்வீடன் நாட்டுப் பனிக்காடுகளுக்குச் செல்கிறது. பின்னர் ஆப்பிரிக்கப் புழுதியையும், மத்தியதரைக் கடலோரக் கற்பாதைகளையும், பின்லாந்தின் ஏரிக்காடுகளையும் கடந்து, ஆண்டின் இறுதியில் முடிவுறுகிறது. 1973ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் உலக ரேலிப் போட்டித் தொடர் இதுவே. புதிய பருவம் நெருங்கும்போதெல்லாம், எந்த வண்டி வெல்லும், எந்த ஓட்டுநர் முந்துவார் என்ற பேச்சே இளைஞர்களிடையே மிகுதியாக எழும். வரலாறு பயிலும் மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு சில உண்டு. அந்தச் சாலைகளை அமைத்தவர் யார்? அவற்றில் முதலில் காரோட்டிக் களித்தவர் யார்? ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர் யார்? இக்கேள்விகளுக்குக் கென்யா நாட்டின் சஃபாரி ரேலியைப்போல் தெளிவாக விடை கூறும் பந்தயம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில், ரேலி என்பது யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் பந்தயங்கள் பொதுச் சாலைகளிலேயே நடைபெற்றன. 1894ஆம் ஆண்டில் பாரிசு நகரத்திலிருந்து ரூவன் நகரத்திற்கு நடந்த போட்டியைப் பலரும் இத்துறையின் தொடக்கமாகக் கொள்வர். வண்டிகளின் வேகம் வளர்ந்தது. சாலைகளோ மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் ஏற்றனவாகவே இருந்தன. 1903ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து மாட்ரிட்டுக்குப் புறப்பட்ட பந்தயத்தில், ரெனோ நிறுவனத்தை நிறுவிய உடன்பிறந்தாருள் ஒருவரான மார்செல் ரெனோ உட்படப் பலர் உயிரிழக்கவே, பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகரத்திலேயே அதனை நிறுத்திவிட்டது. அதற்குப் பின் வேகப் பந்தயம் படிப்படியாக வேலியிட்ட வட்டப் பாதைகளுக்குள் ஒதுங்கிற்று.

ஆனால் சாலையைவிட்டுப் பிரிய மனமில்லாதோர் வேறொரு வழி கண்டனர். ரேலி என்ற சொல்லுக்கு, பல திசைகளிலிருந்து வந்து ஓரிடத்தில் கூடுதல் என்பதே மூலப்பொருள். 1911ஆம் ஆண்டில் குளிர்காலத்தில் மொனாக்கோவுக்கு விருந்தினரை ஈர்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட மான்டி கார்லோ ரேலியில், ஐரோப்பாவின் பதினொரு ஊர்களிலிருந்து 23 வண்டிகள் புறப்பட்டன. ஆன்றி ரூழியே என்பவர் பாரிசிலிருந்து வந்து வென்றார். வேகம் மட்டும் அங்கே அளக்கப்படவில்லை. வந்துசேர்ந்த வண்டியின் அழகும் பயணிகளின் வசதியும்கூட மதிப்பிடப்பட்டன. இதனால் பூசல் எழுந்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

காலப்போக்கில் ரேலியின் விதிமுறை ஒருவாறு நிலைபெற்றது. ஒவ்வொரு வண்டியிலும் இருவர் செல்வர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வழிக்குறிப்பைப் படித்து, வளைவையும் பள்ளத்தையும் முன்கூட்டியே அறிவிப்பார். வண்டிகள் சில நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படும். வழியில் ஆங்காங்கே நேரச் சாவடிகள் உண்டு. குறித்த நேரத்திற்குப் பிந்தி வருவோருக்கு ஒவ்வொரு நிமிடத்திற்கும் தண்டப் புள்ளி விதிக்கப்படும். இறுதியில் தண்டம் குறைந்தவர் வெற்றி பெற்றவராவார். ஆகவே ரேலி ஓட்டுநர் தம் எதிரியைக் கண்ணால் காண்பது அரிது. கடிகாரமும் சாலையுமே அவருக்கு எதிரிகள்.

இனிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். 1953ஆம் ஆண்டு மே மாதம். கென்யா அப்பொழுது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. வளமிக்க மேட்டுநிலங்களை வெள்ளையர் தமக்கென ஒதுக்கிக்கொண்டிருந்தனர். நிலமிழந்த கிக்குயூ மக்களிடையே மாவ் மாவ் கிளர்ச்சி மூண்டிருந்தது. முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுவிட்டது. ஜோமோ கென்யாட்டாவுக்கு ஏப்ரல் மாதத்தில் ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தச் சூழ்நிலையில்தான், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவைக் கொண்டாடும் பொருட்டு, கென்யா, உகாண்டா, தங்கனீக்கா ஆகிய மூன்று நாடுகளின் ஊடே ‘முடிசூட்டு சஃபாரி’ என்னும் ரேலி ஏற்பாடாயிற்று. சஃபாரி என்பது சுவாகிலி மொழியில் பயணம் என்று பொருள்படும். அரபுச் சொல் ஒன்றிலிருந்து வந்தது.

இதன் பிறப்பைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. எரிக் செசில் என்பவர் நைரோபியில் கார்ப் பந்தயங்களில் ஈடுபாடு கொண்டவர். அவர் தம் உறவினரான நீல் வின்சென்டை வட்டப் பாதைப் பந்தயம் ஒன்றுக்கு அழைத்தாராம். ஒரே வட்டத்தைச் சுற்றிச்சுற்றி வருவதில் தமக்கு விருப்பமில்லை என்றும், ஆப்பிரிக்காவில் பாதி தூரம் ஓடித் திரும்பிவரும் போட்டியானால் தாம் வருவதாகவும் வின்சென்ட் விடையிறுத்தாராம். அந்த மறுமொழியிலிருந்தே இந்த நெடுவழிப் போட்டி முளைத்தது. கடையில் விற்கும் சாதாரண வண்டிகளே கலந்துகொள்ளலாம் என்பதும், விற்பனை விலைக்கேற்ப அவற்றை வகுப்புகளாகப் பிரிப்பது என்பதும் தொடக்க கால விதிகள். சிறிய வண்டிக்காரரும் நம்பிக்கையோடு புறப்பட இவ்விதி இடமளித்தது.

அந்த நிலத்தின் இயல்பை அறிந்தாலன்றிப் பந்தயத்தின் கடுமை விளங்காது. நிலநடுக்கோடு கென்யாவின் ஊடே செல்கிறது. கடல் மட்டத்திலுள்ள மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து, 2,500 மீட்டருக்கும் மேற்பட்ட மேட்டுநிலம் வரை சாலை ஏறி இறங்கும். நடுவே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. மார்ச்சு முதல் மே வரை அங்கு நீண்ட மழைக்காலம். பந்தயமோ 1953க்குப் பின் வழக்கமாக ஈஸ்டர் விடுமுறையில் வைக்கப்பட்டது. நம் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து உழவருக்கு ஒரு மழைக்குப் பின் கரிசல் எப்படிக் காலைப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே இனத்துக் கருமண் கென்யாவின் சமவெளிகளில் பரந்து கிடக்கிறது. காய்ந்தால் மாவு போன்ற புழுதி, நனைந்தால் பசை. ஒரே பகலில் ஓட்டுநர் இரண்டையும் காண்பார். ஐயாயிரம் கிலோமீட்டரை நான்கைந்து நாளில் இரவும் பகலும் கடக்கவேண்டும். சாலைகளில் பொதுப் போக்குவரத்தும் நிறுத்தப்படுவதில்லை. எதிரே சரக்கு வண்டி வரலாம். மாட்டு மந்தை வரலாம். இரவில் ஒட்டகச்சிவிங்கியே வழிமறித்து நிற்கலாம்.

இரண்டு ஆண்டுகளின் கணக்கைக் கூறினால் போதும். 1963இல் 84 வண்டிகள் புறப்பட்டன. முடிவிடத்தை அடைந்தவை ஏழு. 1968இல் 93 வண்டிகள் புறப்பட்டன. அடைந்தவை மீண்டும் ஏழே. ‘அமிழாத எழுவர்’ என்று அவர்களை இன்றும் அங்கே சிறப்பித்துக் கூறுவர். இவ்விரு முறையும் வென்றவர்கள் போலந்து நாட்டில் பிறந்து கென்யாவில் குடியேறிய நிக் நோவிக்கியும், அவருடைய துணைவர் பேடி கிளிப்பும் ஆவர். இரு முறையும் அவர்கள் ஓட்டியது பிரெஞ்சு நாட்டுப் பெஜோ 404 வண்டியே. 1966, 1967 ஆகிய ஆண்டுகளிலும் அதே வகை வண்டியே வென்றது. விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தைவிடச் சேற்றிலிருந்து எழுந்துவந்த ஒரு வண்டி அங்கே நன்றாக விலைபோயிற்று என்பதில் வியப்பில்லை. பின்னர் ஜப்பானிய உற்பத்தியாளர்களும் இப்பாடத்தை விரைந்து கற்றுக்கொண்டனர்.

வெளிநாட்டுப் புகழ்பெற்ற ஓட்டுநர்கள் பலர் வந்தனர், தோல்வியுற்றுத் திரும்பினர். 1962இல் இங்கிலாந்தின் பேட் மாஸ் அம்மையார் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது ஒரு மான் வண்டியில் மோதிற்று. சேதமுற்ற வண்டியோடு மூன்றாம் இடம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டில் ஆன் ஹால், லூசில் கார்டுவெல் என்னும் இரு பெண்மணிகள் மூன்றாவதாக வந்தனர். வலிமையே இப்பந்தயத்தில் எல்லாம் என்று நினைப்போர் இவ்விரண்டு செய்திகளையும் மனத்திற்கொள்ளல் நன்று. ஸ்வீடன் நாட்டு எரிக் கார்ல்சன் தம் சிறிய சாப் வண்டி சேற்றில் அகப்பட்டுக்கொண்டபோது, அதனைப் பக்கவாட்டில் உருட்டிப் புரட்டிக் காய்ந்த தரைக்குக் கொண்டுவந்தார் என்பர். கேட்டவர் நம்பாதபோது மீண்டும் ஒருமுறை உருட்டிக் காட்டினாராம்! அவருக்கும் 1964இல் இரண்டாம் இடமே கிட்டியது. 1953 முதல் 1971 வரை வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரும் இதில் முதலிடம் பெறவில்லை. 1972இல் பின்லாந்தின் ஹன்னு மிக்கோலாவும் ஸ்வீடனின் குன்னார் பாமும் ஃபோர்டு வண்டியில் வந்து அந்த வழக்கத்தை முறித்தனர்.

காரணம் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. எந்த ஓடையில் எத்தனை நாழிகையில் வெள்ளம் வடியும், எந்தச் செம்மண் மேட்டில் ஒரு தூறலுக்கே சக்கரம் வழுக்கும் என்பதை வரைபடம் காட்டாது. அங்கேயே வாழ்ந்து, அந்தச் சாலையிலேயே பிழைப்பு நடத்தியவருக்கே அது தெரியும். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி இப்பொழுது கூறவேண்டும். அதற்கு முன் அரை நூற்றாண்டு பின்னே செல்ல வேண்டியிருக்கிறது.

1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ஆங்கிலேயர் ஒரு இருப்புப்பாதை அமைத்தனர். அதற்காக இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் விலங்குகளாலும் மாண்டனர். ஏறத்தாழ 6,700 பேர் அங்கேயே தங்கினர். அவர்களைத் தொடர்ந்து கடைக்காரரும் தச்சரும் கொல்லரும் இயந்திரப் பணியாளரும் சென்றனர். மேட்டுநிலத்தில் நிலம் வாங்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆட்சியிலும் பங்கு மிகச் சிறிது. ஆனால் வண்டி பழுதானால் எல்லோரும் தேடிச்சென்றது அவர்களுடைய பட்டறையைத்தான்.

அத்தகைய ஒரு பட்டறைக் குடும்பத்தில் 1932ஆம் ஆண்டு கெரிச்சோ என்னும் ஊரில் பிறந்தவர் ஜோகிந்தர் சிங். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். தந்தையின் பட்டறையில் வேலை கற்றார். பின்னர்க் கிழக்கு ஆப்பிரிக்க மோட்டார்ச் சங்கத்தின் முதற் சாலைக்காவலராக அமர்ந்து, வழியில் பழுதுபட்டு நிற்கும் வண்டிகளைச் செப்பனிட்டுத் திரிந்தார். சாலையை அறிய இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் ஏது? 1958 முதல் ரேலிகளில் ஓட்டத் தொடங்கினார்.

1965ஆம் ஆண்டு. கென்யா விடுதலை பெற்று ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. ஜோகிந்தரும் அவர் தம்பி ஜஸ்வந்தும் வைத்திருந்தது தொழிற்சாலைக் குழுவினர் முன்பு பந்தயத்தில் ஓட்டிவிட்டுச் சென்ற பழைய வால்வோ வண்டி. முதல் எண் அவர்களுக்கே வாய்த்தது. முதல் எண் என்றால், முன்னே சென்றவரின் சக்கரத்தடம் ஏதுமின்றிச் சேற்றைத் தாமே உழுதுகொண்டு போகவேண்டும். ஆயினும் பிறர் கலக்கிவிடாத பாதை கிடைக்கும் என்ற நன்மையும் உண்டு. 85 வண்டிகளில் 16 மட்டுமே முடிவைக் கண்ட அந்த ஆண்டில், அண்ணனும் தம்பியும் அடுத்தவரைக் காட்டிலும் நூறு நிமிடம் முந்தி வந்து சேர்ந்தனர். இங்கே நியாயத்துக்காக ஒன்று சொல்லவேண்டும்: 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் விக் பிரெஸ்டனோடு அமர்ந்து வென்ற துணை ஓட்டுநர் மர்வாகா என்ற இந்திய மரபினரே. ஆனால் சக்கரத்தைப் பிடித்து வென்ற முதல் இந்திய மரபினர் ஜோகிந்தர். ‘பறக்கும் சீக்கியர்’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. 1974இலும் 1976இலும் டேவிட் டோய்க் துணையோடு மிட்சுபிஷி வண்டியில் மீண்டும் வென்றார். 22 முறை சஃபாரியில் கலந்துகொண்டு 19 முறை முடிவிடம் சேர்ந்தார். வெற்றிகளைக் காட்டிலும் இந்த எண்ணிக்கையையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2013இல் இலண்டனில் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர் சேகர் மேத்தா. உகாண்டாவில் 1945இல் பிறந்த குஜராத்தி மரபினர், செல்வக் குடும்பத்தவர். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டில் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன், ஆசிய மரபினர் தொண்ணூறு நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று ஆணையிட்டார். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கைப்பெட்டியோடு வெளியேறினர். மேத்தாவின் குடும்பமும் உகாண்டாவைவிட்டு அகன்றது. அவர் கென்யாவில் வந்து தங்கினார். மறு ஆண்டு ஈஸ்டரில், உலகப் போட்டித் தொடரில் சஃபாரி முதன்முறையாக இடம்பெற்ற அந்த ஆண்டில், அவரும் ஸ்வீடனின் ஹாரி கால்ஸ்ட்ரோமும் டாட்சன் வண்டிகளில் ஓடிச் சரியாக ஒரே அளவு தண்டப் புள்ளியோடு வந்து நின்றனர். தண்டம் ஏதுமின்றி நெடுந்தூரம் ஓடியவர் யார் என்று பார்த்து, மேத்தாவுக்கு வெற்றி அளிக்கப்பட்டது. பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவரே வென்றார். ஆக ஐந்து வெற்றிகள். 2006இல் அவர் மறையும்போது பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் ரேலிக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

மூன்று நாடுகளையும் இணைத்த பாதைக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. உகாண்டாவின் கலகங்களும், அண்டை அரசுகளுக்கிடையே வளர்ந்த மனக்கசப்பும் எல்லைகளை இறுக்கின. 1970களின் நடுப்பகுதிக்குள் பந்தயம் கென்யாவுக்குள் ஒடுங்கிவிட்டது. மூன்று நாடுகளும் சேர்ந்து அமைத்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகமும் 1977இல் கலைந்தது. அரசியல் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதில்லை. ஒரு பந்தயப் பாதையின் வரைபடத்திலும் அதனைப் படிக்கலாம்.

ஜோமோ கென்யாட்டா சிறையிலிருந்தபோது தொடங்கிய இந்தப் பந்தயத்தை, நாட்டின் தலைவரானபின் அவரே கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். மக்களும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். சாலையோரங்களில் இலட்சக்கணக்கானோர் கூடுவர். சேற்றில் அமிழ்ந்த வண்டியைத் தோள்கொடுத்துத் தள்ளிவிடுவோர் சிற்றூர் இளைஞர்களே. ஆயினும் தள்ளியவருக்கும் ஓட்டியவருக்கும் இடையே இருந்த தூரம் விரைவில் குறையவில்லை. பந்தய வண்டி விலையுயர்ந்த பொருள். பட்டறை, உதிரிப் பாகம், பணம் கொடுக்கும் நிறுவனம் ஆகியவை யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே சக்கரமும் இருந்தது. நாடு விடுதலை பெற்று முப்பதாண்டு கடந்தபின், 1994இல் பேட்ரிக் நிஜிரு என்னும் ஆப்பிரிக்கக் கென்யர் சுபாரு வண்டியில் நான்காம் இடம் பெற்றார். மக்கள் அவரைக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. அது ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்பதிலும் நியாயம் உண்டு.

இதற்கிடையில் உலகெங்கும் ரேலியின் தன்மை மாறிவந்தது. 1986இல் போர்ச்சுகலில் வண்டி ஒன்று கூட்டத்திற்குள் பாய்ந்து பார்வையாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டோடு அந்த மிகுவேக வண்டி வகையே தடைசெய்யப்பட்டது. போக்குவரத்தை அடைத்த குறுகிய சிறப்புக் கட்டங்களில் நேரத்தை நொடிக்கணக்கில் அளப்பதே எங்கும் முறையாயிற்று. திறந்த சாலையில் பல நாள் ஓடிய சஃபாரி, அந்தச் சட்டத்துக்குள் அடங்க மறுத்த பழம்பொருளாகத் தோன்றிற்று. செலவும் ஏற்பாட்டுக் குறைகளும் சேர்ந்துகொள்ளவே, 2002ஆம் ஆண்டு காலின் மெக்ரே வென்ற பந்தயத்தோடு உலகத் தொடரிலிருந்து அது நீங்கியது.

பத்தொன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சஃபாரி மீண்டது. நைரோபியில் கொடியசைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா, ஜோமோவின் மகன். நைவாஷா ஏரியைச் சூழ்ந்த பகுதியில், மூடிய பாதைகளில், நானூறு கிலோமீட்டருக்கும் குறைவான போட்டித் தூரத்தில் அது நடந்தது. பழைய ஐயாயிரத்தோடு ஒப்பிட்டால் இது குழந்தை விளையாட்டு என்று மூத்தவர் சிலர் முணுமுணுத்தனர். நான் அவ்வாறு கருதவில்லை. பாறையும் ஆழ்புழுதியும் அன்றுபோலவே வண்டிகளை உடைத்தன. பிரான்சின் செபாஸ்டியன் ஓழியே வென்றார். கென்யரான ஓங்கார் ராய், கரண் பட்டேல், கார்ல் டண்டோ ஆகிய மூவரும் ஏழு, எட்டு, ஒன்பதாம் இடங்களைப் பெற்றனர். 2024 முதல் பந்தயம் மழை தொடங்கும் மார்ச்சு மாதத்துக்கு மாற்றப்பட்டதால், கரிசல் சேறும் தன் பழைய பங்கைக் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. கென்யாவின் இளம் ஓட்டுநர் சிலருக்கு உலகத் தொடரின் இளையோர் பிரிவில் பயிற்சியளிக்கும் திட்டம் ஒன்று வந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவருள் ஒருவர் மெக்ரே கிமாத்தி. காலின் மெக்ரேயின் பெயரையே தந்தை அவருக்கு இட்டிருந்தார். கார்ல்சனும் கால்ஸ்ட்ரோமும் வெற்றி கிட்டாமல் கென்யாவிலிருந்து திரும்பியதை முன்னே பார்த்தோம். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆணி பதித்த சக்கரங்கள் பூட்டிய ஃபோர்டு வண்டியில், துணை ஓட்டுநர் முவாங்கி கியோனியோடு, கிமாத்தி ஸ்வீடன் நாட்டின் உறைபனிச் சாலையில் இறங்கினார்.